42-க்கு 41: ஏவுகணைத் தடுப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

எதிரி ஏவுகணைகளிலிருந்து நாட்டைக் காக்க அமெரிக்கா அறிவித்த ‘கோல்டன் டோம்’ திட்டம் குறித்தும் அதன் செலவு குறித்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கோல்டன் டோமுக்கு 17,500 கோடி டாலர் ஆகும் என்றார் டிரம்ப். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமோ 54,200 கோடி வரை போகலாம் என்கிறது. இரண்டில் ஒன்று பொய்தானே?

அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல. 2025 மே 20 அன்று டிரம்ப் சொன்னது முழு அமைப்புக்கான தொகை. ஏறத்தாழ மூன்று ஆண்டில் முடியும் என்றும் சொன்னார். அதே மாதத் தொடக்கத்தில் சி.பி.ஓ. எனப்படும் பட்ஜெட் அலுவலகம் வெளியிட்டது விண்வெளியில் நிறுத்தும் இடைமறிப்பான்களுக்கு (எதிரி ஏவுகணையை வழியிலேயே அழிப்பவை) மட்டுமான மதிப்பீடு. 20 ஆண்டுகளுக்கு, குறைந்தபட்சம் 16,100 கோடி, அதிகபட்சம் 54,200 கோடி டாலர். தரையில் உள்ள ரேடார், அலாஸ்கா ஏவுதளம், கப்பல்கள் எதுவும் அதில் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சி.பி.ஓ. கணக்கிட்ட அமைப்பு வடகொரியா ஏவக்கூடிய ஒன்றிரண்டு கண்டம் தாண்டும் ஏவுகணைகளைத் தடுப்பதற்கானது. ரஷ்யாவோ சீனாவோ நூற்றுக்கணக்கில் ஏவினால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் பட்ஜெட் வல்லுநர் டாட் ஹாரிசன் 2025 செப்டம்பரில் பலவகை அமைப்புகளுக்குத் தனித்தனியே கணக்குப் போட்டார். 25,200 கோடியில் தொடங்கி 3.6 லட்சம் கோடி டாலர் வரை போனது. பதினான்கு மடங்கு வித்தியாசம்! அவர் கணக்கில் கோளாறு இல்லை. எத்தனை ஏவுகணையை, யாருடைய ஏவுகணையைத் தடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை மாறினால் தொகையும் அப்படித்தான் மாறும்.

ஆகவே ஒரு தொகை காதில் விழுந்தால் அதில் எது சேர்ந்திருக்கிறது, எத்தனை வருடத்துக்கு, எந்த ஆண்டின் டாலர் மதிப்பில், எத்தனை எதிரி ஏவுகணைகளுக்கு எதிராக என்று கேளுங்கள். சி.பி.ஓ. இந்த நான்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தொகையைச் சொன்னது. 17,500 கோடி அறிவிக்கப்பட்டபோது இவற்றில் எதற்கும் விளக்கம் தரப்படவில்லை. அதைப் பொய் என்று சொல்ல எங்களிடம் ஆதாரமில்லை. மதிப்பீடு என்று ஏற்கவும் முடியாது.

கேள்வி: ராக்கெட் ஏவும் செலவு இப்போது மலிந்துவிட்டதே. பிறகு ஏன் இவ்வளவு தொகை?

மலிந்தது உண்மை. அதைச் சேர்த்த பிறகுதான் சி.பி.ஓ.வின் எண்ணிக்கை இறங்கியது: கீழ்மட்டம் 26,400 கோடியிலிருந்து 16,100 கோடிக்கு, மேல்மட்டம் 83,100 கோடியிலிருந்து 54,200 கோடிக்கு. அதற்கு மேல் இறங்காததற்குக் காரணம், ஏவும் கூலி மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மேலே போகும் பொருளைச் செய்யும் செலவு அப்படியே இருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் காற்றின் உராய்வு இருப்பதால் சுமார் ஐந்து ஆண்டில் அவை கீழே விழுந்துவிடும். 20 ஆண்டு வேண்டுமென்றால் ஏறத்தாழ நான்கு தடவை முழுத் தொகுதியையும் புதிதாக ஏற்ற வேண்டும்.

எண்ணிக்கை ஏன் அதிகம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். திட எரிபொருள் ஏவுகணை ஒன்றின் பூஸ்டர் (அதை மேலே தள்ளும் பொறி) எரிவது சுமார் மூன்று நிமிடம். அதைக் கண்டுபிடித்து, பாதையைக் கணித்து, ‘ஏவு’ என்று முடிவெடுக்க ஒரு நிமிடம் போய்விடும். மிஞ்சுவது இரண்டு நிமிடம். விநாடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் இடைமறிப்பான் அதற்குள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான் எட்டும். 500 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 7.85 லட்சம் சதுர கிலோமீட்டர். பூமியின் பரப்பு 51 கோடி. வகுத்தால் 650 வருகிறது. செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்காது, 90 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றும்; அதனால்தான் வடகொரியாவுக்கு மேலே ஒன்று எப்போதும் இருக்க உலகம் முழுக்க வட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடைவெளியின்றி அடுக்க முடியாது. அந்த ஒரே ஏவுகணைக்கு இரண்டு இடைமறிப்பான் ஒதுக்குவது என்றால் இன்னும் இரட்டிப்பு. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்வுக்குழு ஆயிரத்துக்கு மேல் என்று சொன்னது இதனால்தான்.

இதில் வலிக்கிற இடம் வேறு. எதிரி ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ஏவினால் இங்கே மொத்தத் தொகுதியும் இரட்டிப்பாக வேண்டும். அவன் கூட்டுவது ஒரு ஏவுகணை. இவர்கள் கூட்ட வேண்டியது ஆயிரம். ரீகன் காலத்து ஆலோசகர் பால் நிட்சே 1985 பிப்ரவரியில் இதையே நிபந்தனையாக வைத்தார். எதிரி தாக்குதலைக் கூட்ட ஆகும் செலவைவிடத் தடுப்பைக் கூட்ட ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும், இல்லையேல் கட்டக் கூடாது என்றார். நிட்சே ஏவுகணைத் தடுப்பின் எதிர்ப்பாளர் அல்ல, அரசாங்கத்துக்குள் இருந்தவர். நாற்பது ஆண்டு கழிந்தும் அதைவிட நேர்மையான அளவுகோல் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைகள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தியதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. பிறகு அது பொய் என்றார்கள். எது உண்மை?

உலகம் பார்த்தது வானத்தில் வெடிப்பு. வெடித்தது எது என்பதுதான் வழக்கு.

1991 பிப்ரவரி 15 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் பேட்ரியாட் தயாராகும் தொழிற்சாலைக்குப் போன அதிபர் புஷ் (மூத்தவர்), 42 ஸ்கட்களில் 41 இடைமறிக்கப்பட்டன என்று பேசினார். போருக்குப் பிறகு ராணுவம் சொன்ன கணக்கு சவூதியில் 80 சதவீதம், இஸ்ரேலில் 50. அப்புறம் அதை 70, 40 என்று அவர்களே இறக்கினார்கள். 1992-இல் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கோப்புகளைப் பிரித்துப் பார்த்தது. ராணுவத்துக்கே உயர் நம்பிக்கை இருந்தது சுமார் 25 சதவீத மோதல்களில். ஸ்கட்டின் வெடிமுனை அழிந்தது அல்லது செயலிழந்தது என்பதற்கு வலுவான சான்று இருந்தது சுமார் 9 சதவீதத்தில்.

42-இல் 41 என்றால் ஏறத்தாழ 98 சதவீதம். அது 9-க்கு எப்படி வந்தது? 1992 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் விசாரணையில் ராணுவத் தளபதி ஒருவர் விளக்கினார்: அதிபர் சொன்ன ‘இடைமறிப்பு’ என்பது, பேட்ரியாட்டும் ஸ்கட்டும் வானத்தில் பாதை கடந்தன என்ற பொருளில். அழித்தது என்று அவர் சொல்லவில்லையாம்! கேட்டவர்கள் எல்லோரும் அழித்தது என்றுதான் புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விமர்சகர்கள் பக்கமும் ஓட்டை உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் தியடோர் போஸ்டல் தொலைக்காட்சிக் காட்சிகளை பிரேம் பிரேமாகப் பார்த்துப் பெரும்பாலும் தவறின என்றார். விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்கட் ஐம்பது மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதை வைத்துத் தவறியது என்று அடித்துச் சொல்வதும் கடினம் என்ற மறுப்பு நியாயமானதே. 9 சதவீதம் என்பதையும் தப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள். மீதி 91-உம் தவறின என்று ஜி.ஏ.ஓ. எழுதவில்லை, வலுவான சான்று இல்லை என்றது. சான்று ஏன் இல்லை என்றால், போர்க்களத்தில் அளவுக் கருவிகள் வைக்கவில்லை. பல இடங்களில் விழுந்த சிதறல்களைப் பல நாள் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். அதிக தூரம் போகும்படி ஈராக் நீட்டித்த ஸ்கட்கள் கீழே வரும்போதே உடைந்தன. பேட்ரியாட் உடைந்த உடற்பகுதியைத் தாக்க, வெடிமுனை தன் வழியே போய் விழுவதும் நடந்தது.

கேள்வி: அதே போரில் கணினிப் பிழையால் 28 வீரர்கள் இறந்ததாகப் படித்தேன். என்ன பிழை?

1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான் (தெஹ்ரான் அல்ல). ஸ்கட் ஒன்று அமெரிக்கப் படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அங்கிருந்த பேட்ரியாட் அணி ஒரு ஏவுகணையைக்கூடச் செலுத்தவில்லை.

அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, பிறகு 0.1-ஆல் பெருக்கியது. 0.1 என்பதை இரும எண்ணில் முடிவின்றித்தான் எழுத முடியும். 24 பிட்டில் வெட்டினால் துளி குறையும். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிசகு. ஆனால் அந்த அணி 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 36 லட்சம் எண்ணிக்கை, பிசகு 0.34 விநாடி ஆகிவிட்டது. அடுத்து ஸ்கட் எங்கே தெரியும் என்று ரேடார் பார்க்க வேண்டிய சாளரம் ஜி.ஏ.ஓ. கணக்கில் 687 மீட்டர் தள்ளிப்போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் முதலில் தெரிந்த புள்ளியைப் பொய்க் குறி என்று கணினி விட்டுவிட்டது. 20 மணி நேரம் ஓடினாலே இலக்கு சாளரத்துக்கு வெளியே போய்விடும்.

இனிதான் முக்கியம். இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11-லேயே எட்டு மணி நேர ஓட்டத்தில் சாளரம் 20 சதவீதம் நகர்வதை அளந்து சொல்லியிருந்தார்கள். 16-ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயார். 21-ஆம் தேதி, ‘மிக நீண்ட நேரம்’ ஓட்டினால் பிசகு வரும் என்று அணிகளுக்குச் செய்தி போனது. எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. அணைத்துப் போட்டால் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் போதும். மென்பொருள் தஹ்ரான் வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி.

கேள்வி: 97 சதவீதம் உறுதியாக வீழ்த்துவோம் என்று டிரம்ப் 2017-இல் சொன்னாரே, அது எங்கிருந்து வந்தது?

கணக்கு இருக்கிறது, அடிப்படைதான் ஆட்டம் காண்கிறது. அமெரிக்க நிலப்பரப்பைக் காக்கும் ஜி.எம்.டி. அமைப்பில் 44 இடைமறிப்பான்கள். 40 அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில், 4 கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில். 1999 முதல் நடந்த இருபது சொச்சம் இடைமறிப்புச் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல் வெற்றி. 60 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்று தவறும் வாய்ப்பு 0.4. ஒரு இலக்குக்கு நான்கு விட்டால் நான்குமே தவறும் வாய்ப்பு 0.4-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.0256. ஆக 97 சதவீதம் வெற்றி.

நான்கும் வெவ்வேறு காரணத்தால் தவறினால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். ஒரே பிழை நான்கிலும் இருந்தால் நான்கும் சேர்ந்தே தவறும், பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. இது கற்பனை அல்ல. 2010 டிசம்பர் சோதனையில், இரண்டாம் ரக மோதுகலத்தின் (இடைமறிப்பானின் முனையில் இருந்து பிரிந்து இலக்கில் மோதும் பகுதி) உந்துபொறி அதிர்ந்து வழிகாட்டும் கருவியைக் குழப்பியது. குறை வடிவமைப்பில் இருந்ததால் அந்த ரகம் முழுவதற்கும் அது பொருந்தும். அதற்கு முன்பே அதே ரகத்தை ஏவுவதற்கான நிலத்தடிக் குழிகளில் இறக்கியாகிவிட்டது! திருத்திய பிறகு முதல் வெற்றி 2014 ஜூனில்தான் கிடைத்தது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 20 சோதனையில் 11 வெற்றி என்றால் 55 சதவீதம். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் உண்மையான விகிதம் 32-ஆகவும் இருக்கலாம், 77-ஆகவும் இருக்கலாம். புள்ளியியல் அதற்கு மேல் துல்லியம் தராது. 32 என்று வைத்தால் நான்கு இடைமறிப்பானுக்கும் சேர்த்து 79 சதவீதம்; பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று நம்பினாலும் அவ்வளவுதான். நான்கு நான்காகச் செலவழித்தால் 44-ஐ வைத்துப் பதினோரு ஏவுகணையைத்தான் எதிர்கொள்ள முடியும் என்பதையும் 97 பற்றிப் பேசுவோர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சோதனைகளே ஜோடனை என்கிறார்களே?

எல்லா ஆரம்பச் சோதனையும் ஏற்பாடு செய்ததுதான். இலக்கு எப்போது, எங்கிருந்து வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு சோதிப்பதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் விட்டால்தான் தவறு.

1984 ஜூன் 10 இடைமறிப்புச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் தீவுப் பகுதியில் முந்தைய மூன்று முயற்சிகள் தோற்றபின் நான்காவது மோதியது. 1993-இல் அது மோசடி என்று செய்தி வந்தது. ஜி.ஏ.ஓ. 1994-இல் கண்டது இரு தரப்புக்கும் ருசிக்கவில்லை. மோதாமல் பக்கத்தில் போனாலே இலக்கு வெடித்துச் சிதறும்படி அதற்குள் வெடிபொருள் வைத்துச் சோவியத் ஒன்றியத்தை ஏமாற்றும் திட்டம் உண்மையிலேயே இருந்தது. முந்தைய முயற்சிகளில் இடைமறிப்பான் வெகுதூரம் விலகிப் போனதால் அது பயன்படவில்லை. நான்காவதற்கு முன் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆகவே அந்த மோதல் மெய். ஆனால் அகச்சிவப்பு உணரிக்கு நன்றாகத் தெரியும்படி இலக்கைச் சூடாக்கி, பக்கவாட்டில் திரும்பிப் பறக்க வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் இது காங்கிரஸுக்கே தெரியாது.

இன்றும் விடை கிடைக்காத கேள்வி, தடுப்பை ஏமாற்ற எதிரி வெடிமுனையோடு சேர்த்துப் பறக்கவிடும் போலி இலக்கு பற்றியது. வெற்றிடத்தில் கனமான வெடிமுனையும் லேசான பலூனும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் பறக்கும். காற்று மண்டலத்துக்குள் வந்தால்தான் பலூன் பின்தங்கும். ஜி.எம்.டி. மோதுவதோ காற்று இல்லாத உயரத்தில். இயற்பியலாளர்கள் ஹான்ஸ் பெத்தேவும் ரிச்சர்ட் கார்வினும் 1968-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். சோதனையில் பறந்த போலிகள் எத்தனை, வெடிமுனையை எவ்வளவு ஒத்திருந்தன என்ற விவரத்தை 2002 முதல் ரகசியமாக்கிவிட்டார்கள்.

கேள்வி: இஸ்ரேலின் அயர்ன் டோம் 90 சதவீதம் வெற்றி என்கிறார்கள். அதையே பெரிதாக்க முடியாதா?

முடியாது. அது சில பத்துக் கிலோமீட்டர் பறக்கும் மெதுவான ராக்கெட்டுகளுக்கானது. திறந்தவெளியில் விழப்போவதை அது சுடுவதே இல்லை. அந்தச் சதவீதம் சுடத் தேர்ந்தெடுத்தவற்றில் மட்டும். குறுந்தூர, நடுத்தரத் தூர ஏவுகணைத் தடுப்பு போர்க்களத்தில் பலன் தந்திருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி உத்தரவில் திட்டத்துக்கு ‘அமெரிக்காவுக்கான அயர்ன் டோம்’ என்றே பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது.

கேள்வி: சாதாரண வாசகர் இந்தச் செலவை எங்கே பார்த்துச் சரிபார்ப்பது?

பென்டகன் நிதிப்பிரிவின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் விளக்கத் தொகுதிகள் வரும். ஏவுகணைத் தடுப்பு முகமைக்குத் தனித் தொகுதி உண்டு. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர். அதில் ஆராய்ச்சி ஒரு பகுதி, கொள்முதல் ஒரு பகுதி, பராமரிப்பு, கட்டுமானம் என்று பிரிந்திருக்கும். கொள்முதலை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று மூடிவிடாதீர்கள். ஜி.எம்.டி. போன்றவற்றின் பெரும்பணம் ஆராய்ச்சித் தலைப்பில்தான் போயிருக்கிறது.

அடுத்து, முகமைக்கு வெளியே தேடுங்கள். எச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள் விண்வெளிப் படையின் கணக்கில் இருக்கும். பேட்ரியாட் தரைப்படைக் கணக்கில் இருக்கும். அமைப்பை ஓட்டும் ஆட்கள், பராமரிப்பு ஆகிய செலவை அந்தந்தப் படை ஏற்கும்போது முகமையின் மதிப்பீட்டில் அது விடுபடுகிறது என்று 2022-இல் ஜி.ஏ.ஓ. சுட்டிக்காட்டியது. 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டத்துக்குள்ளும் கோல்டன் டோமுக்குச் சுமார் 2,500 கோடி டாலர் இருக்கிறது. வழக்கமான பட்ஜெட் தொகுதியை மட்டும் புரட்டினால் கண்ணில் படாது.

வகுத்து ‘ஒன்றின் விலை’ சொல்லும்போது இரு தரப்பும் சறுக்குகின்றன. அடுத்த தலைமுறை இடைமறிப்பானுக்கு 2021-இல் பென்டகனின் செலவு மதிப்பீட்டுப் பிரிவு போட்ட கணக்கு 1,770 கோடி டாலர்; சோதனைக்கு 10, பணிக்கு 21, ஆக 31 இடைமறிப்பான். 31-ஆல் வகுத்து ‘ஒன்று 57 கோடி’ என்பார் எதிர்ப்பவர். அதில் வடிவமைப்பும் பல ஆண்டுப் பராமரிப்பும் அடக்கம். இன்னும் பத்து செய்தால் ஒவ்வொன்றுக்கும் 57 கோடி ஆகாது. ஆதரிப்பவர் வெறும் தயாரிப்பு விலையைச் சொல்வார்; வடிவமைப்புப் பணத்தை யாரோ வேறொருவர் கொடுத்ததுபோல.

கேள்வி: தோற்ற திட்டங்களை ஏன் நிறுத்துவதில்லை?

நிறுத்தியிருக்கிறார்கள். வடக்கு டகோட்டாவின் சேஃப்கார்ட் ஏவுகணைத் தடுப்புத் தளம் முழுமையாகச் செயலுக்கு வந்தது 1975 அக்டோபர் 1. மூடச் சொல்லிப் பிரதிநிதிகள் சபை வாக்களித்தது மறுநாள்! புதிய மோதுகலம் ஒன்று 120 கோடி டாலர் போனபின் 2019-இல் ரத்தானது. நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டோம், காலம் தாழ்த்தியதைத்தான் சொல்வோம். போயிங் 747-இல் லேசர் பொருத்தும் திட்டம் பதினாறு ஆண்டில் 500 கோடி டாலர் விழுங்கியது. 2010 பிப்ரவரியில் ஒரு சோதனை ஏவுகணையைச் சுட்டும் காட்டியது. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கேட்டது எளிய கேள்வி: இது எங்கே வட்டமிடும்? இருக்கும் லேசரை வைத்துச் சுட எதிரி நாட்டு எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும். வெளியில் நிற்க 20 முதல் 30 மடங்கு வலுவான லேசர் வேண்டும். தொழில்நுட்பம் வேலை செய்தது, திட்டம் வேலை செய்யவில்லை. இந்தக் கேள்வியை முதல் ஆண்டே கேட்டிருக்கலாம். வரைபடமும் அளவுகோலும் போதும்.

கேள்வி: அடுத்த முறை ‘சோதனை வெற்றி’ என்று செய்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

இலக்கு எந்தத் தூர ரகம், போலிகள் பறந்தனவா, மோதலா வெறும் பறப்புச் சோதனையா, அதே வன்பொருள்தான் குழிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய அறிவிப்பில் இவை அநேகமாக இருக்காது. ஜி.ஏ.ஓ.வின் ஆண்டறிக்கைக்கும், பென்டகனுக்குள்ளேயே உள்ள செயல்பாட்டுச் சோதனை இயக்குநரின் ஆண்டறிக்கைக்கும் காத்திருங்கள். பின்னதை 1983-இல் காங்கிரஸே சட்டம் போட்டு அமைத்தது. 2025 மே மாதம் அதன் ஆட்களை ஏறத்தாழப் பாதியாக வெட்டினார்கள். இனி வரும் அறிக்கை எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.